ஜாக்கிக்கு ஓர் இடம்

அக்டோபர் 2

நேற்று வைத்த சந்தனம் ஜாக்கியின் பாரில், அதாவது வரிசையாகத் துளை போட்ட நெடுங்கம்பியில், காய்ந்து கிடக்கிறது. துளைகளுக்குள் போனதைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்தாச்சு. பாரத்தைத் துளை துளையாக ஏற்றும் கிளைம்பிங் பின் போய் உட்காரும் துளையில் சந்தனம் காய்ந்தாலும் சேறு காய்ந்தாலும் விளைவு ஒன்றுதான்: பின் முழுசாக இறங்காது, பாரம் பாதிப் பிடியில் தொங்கும்.

48 அங்குல ஹைலிஃப்ட், சேற்றிலும் மணலிலும் புதைந்த வண்டியைத் தூக்கும் நெட்டை ஜாக்கி. எடை 13 கிலோ சொச்சம், பார் 122 செ.மீ. வீட்டில் சுவரோரம் சாத்தி வைக்கலாம். வண்டியில் எங்கே வைப்பது?

அக்டோபர் 3

பானெட் வேண்டாம். போட்டோவில் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் பானெட்டின் கீல் தகரத்தைத் தூக்கச் செய்தது, அதோடு 13 கிலோவையும் சேர்த்துத் தூக்க இல்லை. பானெட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஜாக்கியைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் பானெட்டைத் தாங்கும் ஸ்டே ராடு வளையும். ஓட்டுபவரின் இடது முன் மூலை மறையும். மேட்டில் ஏறும்போது பார்க்க வேண்டிய மூலையே அதுதான்.

முன் பம்பரில் குறுக்கே கட்டுவதும் வேண்டாம். புல் பார், கிராஷ் கார்டு மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதே, அதற்குச் சொன்ன காரணம் இதற்கும் பொருந்தும். நடந்து போகிறவர் மேல் முதலில் படுவது அந்த இரும்பு.

அக்டோபர் 4

ரூஃப் கேரியர். அடுத்தவருக்கு நான் சொல்லும் முதல் பதில் "மேலே வைக்காதீங்க" என்பதுதான். காரணங்கள் தெரிந்தும் நான் பார்க்கிறவர்கள் எல்லாம் மேலேதான் வைக்கிறார்கள், ஏனென்றால் மேலேதான் இடம் இருக்கிறது. சாய்வில் போகும்போது உச்சியில் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் வண்டியைக் கவிழ்க்கும் பக்கம் சேரும். கேரியரின் எடையும் கூரைக்கு அனுமதித்த பாரத்துக்குள் அடக்கம். மேனுவலில் போட்டிருக்கும் எண்ணிலிருந்து அதை முதலில் கழிக்க வேண்டும். மழையும் வெயிலும் நேரே கிளைம்பிங் பின்மேல். அப்புறம், சேற்றில் முழங்கால் வரை புதைந்து நின்றுகொண்டு தலைக்கு மேலிருந்து 13 கிலோ இரும்பை இறக்குவது. டயர் மேல் ஏறி இறக்கலாம் என்பார்கள். அந்த டயர்தானே புதைந்திருக்கிறது.

அக்டோபர் 6

எந்தக் கதவு திறக்கும்?

இடத்தைத் தேடும்போது எல்லாரும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி வைத்துத்தான் பார்க்கிறோம். நாலு கதவும் திறக்கும், எல்லா இடமும் நல்ல இடமாகத் தெரியும். ஜாக்கி தேவைப்படும் நேரத்தில் வண்டி அப்படி நிற்காது. பின் சக்கரம் இரண்டும் புதைந்து பம்பர் சேற்றில் உட்கார்ந்தால், பக்கவாட்டில் திறக்கும் பின்கதவின் அடிவிளிம்பு மண்ணில் முட்டும். உள்ளே டிக்கியில் வைத்த ஜாக்கி உள்ளேயே இருக்கும். மண்ணைத் தோண்டிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். தோண்ட வேண்டிய மண்வெட்டியும் அதே டிக்கியில்.

இடப்பக்கம் பள்ளத்தில் சரிந்தால் இடது கதவு வரப்பில் முட்டும். வலது கதவு வானத்தைப் பார்க்கும். திறக்கலாம், ஆனால் கதவின் கனமே திரும்ப மூடப் பார்க்கும். ஓடைக்குள் மூக்கு இறங்கினால் பின்பக்கம் சும்மா இருக்கும், முன்பக்கம் ஒன்றும் எடுக்க முடியாது.

ஆக, ஒரே ஒரு கதவு வழியாக மட்டும் எட்டும் இடம் எதுவும் இடமே இல்லை. குறைந்தது இரண்டு. அதிலும் ஒன்று எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும்.

அக்டோபர் 7

எந்த இடமானாலும் பிராக்கெட் செய்து தர வேண்டிய அம்பத்தூர் லேத் இன்றும் மூடியிருக்கிறது.

அக்டோபர் 9

பின்கதவில் ஸ்டெப்னியோடு சேர்த்துக் கட்டும் பிராக்கெட். வண்டிச் சாமான் விற்கும் ஜி.பி. ரோட்டில் கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். தார், ஜிம்னி, குர்கா, எதற்குக் கேட்டாலும் இதே.

கதவில் ஏற்கெனவே ஒரு முழுச் சக்கரம் தொங்குகிறது. அதன்மேல் 13 கிலோ. குழியில் விழுந்து எழும்போது அந்த 13 கிலோ மூன்று மடங்காகக் கீலை இழுக்கும். அதுவும் ஸ்டெப்னிக்கும் வெளியே, கதவிலிருந்து இன்னும் தள்ளி நிற்பதால் நெம்பும் தூரமும் கூடுதல். முதலில் கதவு தொங்காது. லாட்ச் தேயும், மூடும்போது லேசாகத் தூக்கிக் கொடுக்க வேண்டி வரும், பிறகு ரப்பர் பீடிங் ஒரு மூலையில் நசுங்கித் தூசி உள்ளே வரும். கீல் பின் தேய்ந்திருப்பது அதற்கப்புறம்தான் கண்ணில் படும்.

இன்னொன்று தூசி. வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறையும். சக்கரம் கிளப்பும் புழுதி எல்லாம் சுழன்று அங்கேதான் வந்து ஒட்டும். செம்மண் பாதையில் போய் வந்த எந்த வண்டியின் பின்கண்ணாடியையும் பார்த்தால் தெரியும். ஜாக்கியில் தூசி படவே கூடாத உறுப்புகளான கிளைம்பிங் பின்னையும் ஸ்பிரிங்கையும் கொண்டுபோய் அங்கே வைக்கிறார்கள்.

நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைத்தால் போலீஸ் நிறுத்துவார். அது தனி.

அக்டோபர் 10

பக்கவாட்டில், கதவுக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாயான ராக் ஸ்லைடர் மேல்: கல் அடிக்கும். தள்ளு.

அக்டோபர் 11

உள்ளேதான். முன் இருக்கைகளுக்குப் பின்னால், குறுக்கே, தரையோடு தரையாக. டேப் வைத்துப் பார்த்ததில் அந்த இடத்தில் 131 செ.மீ. கிடைக்கிறது, பின்னால் வீல் ஆர்ச்சுகளுக்கு நடுவே 122 வராது. இருக்கையை மடித்தால் வலது கதவிலிருந்தும் எட்டும், இடது கதவிலிருந்தும் எட்டும். பாரம் வண்டியின் நடுவில், தாழ்வாக.

ஒரே பயம் மோதல். 50 கி.மீ. வேகத்தில் எதிலாவது இடித்தால் உள்ளே இருக்கும் பொருள் தன் எடையைப்போல 20, 30 மடங்கு விசையோடு முன்னே பாயும். 13 கிலோ என்பது 260 முதல் 390 கிலோ வரை. கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். ராட்செட் பெல்ட் பரவாயில்லை, ஆனால் மேடு பள்ளத்தில் தளரும். போல்ட்டு போட்ட பிராக்கெட் தவிர வேறு எதுவும் சரி வராது.

அக்டோபர் 12

சத்தம். சத்தத்தைப் பற்றி யோசிக்காமல் இடத்தை முடிவு செய்யக் கூடாது. ஹேண்டில் பாரில் அடிக்கும், தரையில் ஊன்றும் பேஸ் பிளேட் தன் பின்னில் ஆடும், பாரில் ஏறி இறங்கும் ரன்னர் தளர்வாக இருக்கும். தலைக்கு ஓரடி பின்னால்.

அக்டோபர் 15

லேத் அண்ணன் திறந்துவிட்டார். எழுதிக் கொடுத்தது:

எல் ஆங்கிள் 40×40, 5 மி.மீ. தடிமன், இரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் நிமிர்ந்து நிற்கும் ஸ்டட் (மரை போட்ட கம்பி) ஒன்று, ஜாக்கிப் பாரின் துளை வழியாக வெளியே வர வேண்டும், மேலே கையால் திருகும் குமிழ். ஸ்டட் 12 மி.மீ. தரையில் பிடிக்க எம்10 (10 மி.மீ.) போல்ட்டு, 8.8 கிரேடு, ஆட்டத்தில் தளராத நைலாக் நட்டு. அடியில் 75×75, 3 மி.மீ. பிளேட்.

"அடியில பிளேட் எதுக்கு சார், பெரிய வாஷர் போட்டா போதாதா?" என்றார். போதாது. ஒரு எம்10 8.8 போல்ட்டு மூன்று டன்னுக்கு மேல் தாங்கும்; அது அறுவதே இல்லை. கிழிவது ஒரு மி.மீ. கூட இல்லாத தரைத் தகரம். வாஷர் தகரத்தோடு பிய்ந்து மேலே வரும். பிளேட் இருந்தால் இழுவை பரவும்.

"சீட் பெல்ட் போல்ட்டுலயே கோத்துடலாமே, ஓட்டையே போட வேணாம்." இதைத்தான் ஊரே சொல்கிறது. சீட் பெல்ட் நங்கூரம் 7/16 அங்குல நுண்மரை போல்ட்டு. அடியில் 5 மி.மீ. பட்டையைச் செருகினால் அத்தனை மரை பிடிப்பு போச்சு. மோதலில் ஒரே நேரத்தில் ஆளையும் ஜாக்கியையும் அது பிடிக்க வேண்டி வரும். கை வைக்கவே கூடாது.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டு போடலாமா என்றும் கேட்டார், துருப் பிடிக்காதே என்று. எஸ்.எஸ். மேல் எஸ்.எஸ். திருகினால் மரை ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். அடிக்கடி கழற்றும் குமிழில் அது வேண்டாம். முலாம் பூசியதே போதும்.

ஒரு வாரம் என்கிறார்.

அக்டோபர் 17

மழை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

தரையில் துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டியது: டீசல் லைன், பிரேக் லைன், வயரிங். சேஸிஸில் துளை கிடையாது, பாடித் தகரத்தில் மட்டும். முதலில் 4 மி.மீ. பிட், பிறகு 10.5. விளிம்பை அரத்தால் தேய்த்து ஜிங்க் பிரைமர், காய்ந்த பிறகு தண்ணீர் புகாமல் அடைக்கும் பி.யூ. சீலன்ட் தடவிப் பிளேட்டை ஒட்டி இறுக்க வேண்டும். சீலன்ட் இல்லாமல் இறுக்கினால் தேங்கிய தண்ணீரில் போகும் முதல் நாளே கார்ப்பெட் நனையும். ஈரமான கார்ப்பெட்டுக்கு அடியில் தகரம் அழுகுவது மேலே தெரியாது.

அக்டோபர் 19

லேத் அண்ணன்: "தீபாவளி முடியட்டும் சார்."

அக்டோபர் 22

வராந்தாவில் கிடக்கும் ஜாக்கியில் மெல்லிய செந்நிறம். திருவான்மியூரிலிருந்து கொட்டிவாக்கம் வரை உப்புக்காற்று எதையும் விடாது. பாரில் இருக்கும் துரு அழகுக் குறைவு மட்டும்தான். கிளைம்பிங் பின் இருக்கும் குழியில் துரு என்றால் பின் திரும்பாது; ஏற்றும்போது சிக்கினால் பரவாயில்லை, இறக்கும்போது சிக்கினால் வண்டி அந்தரத்தில்.

கிரீஸ் வைக்கக் கூடாது. என்ஜின் ஆயிலும் வேண்டாம். இரண்டும் மண்ணைப் பிடித்து வைத்து அரைத்த பசையாக்கிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, டபிள்யூடி-40 அல்லது சிலிக்கான் ஸ்பிரே. இரண்டு பின்னையும் விரலால் இழுத்து விட்டால் டக்கென்று திரும்ப வேண்டும். மெதுவாக வந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

உறை போடலாமா? தூசிக்கு நல்லது, நம்ம ஊர் ஈரத்துக்குக் கெட்டது. முழுதாக மூடும் உறை வியர்த்து உள்ளேயே துருவை வளர்க்கும். அடிப்பக்கம் திறந்த உறையாக இருந்தால் மட்டும்.

அக்டோபர் 25

வைக்க இடம் கிடைத்தாலும், மாட்ட இடம் இருக்கிறதா? புது வண்டிகளின் பிளாஸ்டிக் பம்பரில் இந்த ஜாக்கியின் மூக்கை வைக்கவே முடியாது. இரும்பு பம்பரோ ஸ்லைடரோ இல்லாதவர்கள் சக்கரத்தின் ரிம்மில் கொக்கி மாட்டித் தூக்கும் பட்டையை வாங்கலாம். அதில் சஸ்பென்ஷன் தொங்கும் வரை பாடியைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, நேரே சக்கரமே எழும்பும். இரண்டும் இல்லையென்றால் 13 கிலோவைச் சுமப்பதில் அர்த்தமில்லை. பாட்டில் ஜாக்கியும் மண்வெட்டியும் போதும்.

மணலில் பேஸ் பிளேட் நேரே கீழே இறங்கும். 18 மி.மீ. ப்ளைவுட், ஓரடிச் சதுரம், அதையும் ஜாக்கியோடு சேர்த்தே வைக்க வேண்டும், வேறெங்கோ அல்ல. முதலில் டயர் காற்றை 15 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்கிப் பார்த்தால் பாதி நேரம் ஜாக்கியே வேண்டாம். (இதைப் பழகுகிறேன் என்று கடற்கரையில் வண்டியை இறக்காதீர்கள். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) ஜனவரி முதல் முட்டையிட வரும் மணல்.)

அக்டோபர் 28

ஜாக்கியின் ஷியர் போல்ட்டு உபரியாக இரண்டு. அளவுக்கு மீறிய பாரம் வந்தால் அது அறுந்து மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே இருப்பது. புதுப்பேட்டையில் "இன்னும் ஸ்ட்ராங்கா தர்றேன் சார்" என்று 10.9 கிரேடு நீட்டுவார்கள். அதைப் போட்டால் அறுவது போல்ட்டாக இருக்காது. ஜாக்கி தயாரிப்பாளர் சொன்னது மட்டும், க்ளவ் பாக்ஸில்.

அக்டோபர் 30

சத்தம், திரும்பவும். பேஸ் பிளேட்டைக் கழற்றித் தனியாகப் படுக்க வைத்தால் ஒரு சத்தம் போச்சு. ஹேண்டிலுக்கும் பாருக்கும் நடுவே சைக்கிள் டியூப் இரண்டு சுற்று, இரண்டு சத்தம். ஆங்கிளுக்கும் பாருக்கும் இடையில் லாரி டியூப் துண்டு. மிச்சம் ரன்னர். அதைக் குமிழுக்கு ஒட்டி நகர்த்தி, ஏற்றவா இறக்கவா என்று மாற்றும் ரிவர்ஸ் லாட்ச்சை மேல்நிலையில் வைத்து, ஹேண்டிலைப் பாரோடு கிளிப் போட்டால் அடங்க வேண்டும். லாட்ச் கீழ்நிலையில் இருந்தால் ஆட்டத்தில் ரன்னர் வழுக்கி ஓடும்.

நவம்பர் 2

சோதனை: இருட்டில், ஈரக் கையுறையோடு, ஸ்பானர் இல்லாமல், ஒரு கையால் குமிழ் திரும்புகிறதா? மறு கை கதவைத் தாங்கிக்கொண்டிருக்கும். அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்துப் பார்த்ததில் இடது பக்கம் ஹேண்ட்பிரேக் கேபிளின் மூடி இடிக்கிறது. ஆங்கிளை 30 மி.மீ. பின்னுக்குத் தள்ள வேண்டும். இருக்கை அப்போதும் மடியும்.

நவம்பர் 4

லேத்திலிருந்து போன். ஸ்டட் 14-ல் போட்டுவிட்டாராம், "கொஞ்சம் வெயிட்டா இருக்கட்டும்னு." 14 பாரின் துளைக்குள் போகுமா என்று அவர் பார்க்கவில்லை. ஜாக்கி என்னிடம், பிராக்கெட் அவரிடம். நாளை பத்து மணிக்குள் அம்பத்தூர். எடுத்துப் போக வேண்டியது: ஜாக்கி, துளையை அளக்க வெர்னியர், டார்ச்.