பாபி மூரின் பூட்ஸைத் துடைத்தவர்

2014இல் கிழக்கு லண்டனுக்கு வந்தபோது, இரவு வேலைக்கான பஸ்ஸுக்கு பார்க்கிங் (Barking) சாலையும் கிரீன் ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில்தான் நிற்பேன். 1966 கால்பந்து உலகக் கோப்பையைத் தூக்கிப் பிடித்த இங்கிலாந்து அணித் தலைவர் பாபி மூர் அங்கே வெண்கலமாக நிற்கிறார். ஜெஃப் ஹர்ஸ்ட்டும் ரே வில்சனும் அவரைத் தோளில் சுமக்க, அருகில் மார்ட்டின் பீட்டர்ஸ். வில்சனைத் தவிர மூவரும் இந்தப் பகுதியின் அணியான வெஸ்ட் ஹாம் ஆட்டக்காரர்கள்.

ஊரில் கணக்கராக இருந்த நான் இங்கே கிடங்கில் பெட்டி அடுக்கினேன். ஓர் அலுவலகம் தொலைபேசியில் பேசி வேலை உறுதி என்றது. நேரில் போனதும் இடம் நிரம்பிவிட்டது என்று அனுப்பிவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். அவர் ஜாக் லெஸ்லி என்ற கால்பந்து ஆட்டக்காரரின் கதையைச் சொன்னார்.

லெஸ்லி இந்தப் பக்கத்துப் பிள்ளை. 1901இல் கானிங் டவுனில் பிறந்தவர், தந்தை ஜமைக்காவைச் சேர்ந்த கறுப்பர். 1921 முதல் 1934 வரை பிளிமத் ஆர்கைல் அணிக்கு சுமார் 400 ஆட்டங்கள், 137 கோல்கள். 1925இல் இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகிவிட்டதாக மேலாளரே கூப்பிட்டுச் சொன்னார். ஊரே கொண்டாடியது. சில நாள்களில் பெயர் பட்டியலில் இல்லை. தேர்வாளர்கள் மறுபடி பார்க்க வந்தது தன் ஆட்டத்தை அல்ல, முகத்தை என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். அதன் பிறகும் ஒன்பது ஆண்டுகள் அதே அணிக்கு ஆடினார், தலைமையும் ஏற்றார். அந்த ஒன்பது ஆண்டுகளைத்தான் நான் மனதில் பிடித்துக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பின் கொதிகலன் தொழிலுக்குத் திரும்பினார். 1960களில் வெஸ்ட் ஹாமின் பூட்ஸ் அறையில் வேலை பார்த்தார். மூர், ஹர்ஸ்ட், பீட்டர்ஸ் அணிந்த பூட்ஸ்களின் அடியில் அப்பிய சேற்றைச் சுரண்டி, துடைத்து, பளபளக்க வைத்து அடுக்கினார். இங்கிலாந்துச் சட்டை மறுக்கப்பட்ட கைகள் அவை. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அவர் 1988இல் இறந்தார். ரசிகர்கள் பணம் திரட்டி 2022இல் பிளிமத் மைதானத்தில் சிலை வைத்தார்கள். 2023இல்தான் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் நாட்டு அணிக்கு ஆடுபவர்களுக்குத் தரும் கௌரவத் தொப்பியை அவர் குடும்பத்திடம் கொடுத்தது.

மூன்றாண்டு கழித்து எனக்கும் கணக்கு வேலை கிடைத்தது. வெஸ்ட் ஹாம் 2016இல் இடம் மாறிவிட்டது. பழைய மைதானத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள். அந்த முனையைக் கடக்கும்போது கோப்பையை நான் பார்ப்பதில்லை. மூரின் பூட்ஸில்தான் கண் நிற்கிறது.