"ஓடும்" என்று சொன்ன பதில்

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது, முல்லைத்தீவுக் கரையில் படகின் பின்புறத்தில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பித் தொழில் செய்த எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார்கள். எரிபொருளைக் குறைத்தால் போகும் தூரம் குறையும். வலையைக் குறைத்தால் மீன் குறையும். ஐஸைக் குறைத்தால் பிடித்த மீனுக்கு விலை கிடைக்காது. குறைத்தாலும் அன்றைக்கே எந்த நட்டமும் தெரியாத ஒரே பொருள், எரிபொருளோடு கலக்கிற ஒயில்தான். அதன் விலையும் அப்போது சாதாரணத் தொழிலாளியின் கைக்கு எட்டாமல் போயிருந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒரு பெரியவர், இந்த இயந்திரங்களைத் திருத்தும் மெக்கானிக்கான என்னிடம் கேட்ட கேள்வியும், நான் சொன்ன பதிலும் இன்றுவரை என் மனதை விட்டு அகலவில்லை.

அவர் என் தகப்பனின் வயதை ஒத்தவர். ஒரு படகைச் சுனாமியிலும் இன்னொன்றை 2009இலும் இழந்து, மூன்றாவதைக் கடன்பட்டு வாங்கியவர். ஒரு மாலையில் வெறும் கானுடன் வந்து, கதையோடு கதையாகக் கேட்டார்: "தம்பி, ஒயிலை அரைவாசியாக்கினால் இஞ்சின் ஓடுமோ?"

"ஓடும் ஐயா. ஆனால் எவ்வளவு காலத்துக்கு எண்டு என்னால சொல்ல ஏலாது. நிக்கிற நேரம் அது கரையில நிக்காது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பிளக் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை என்பதை நான் பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்தப் படகுகளில் இருக்கும் இரண்டடிப்பு (டூ-ஸ்ட்ரோக்) இயந்திரத்துக்கு நாலடிப்பு இயந்திரத்தைப் போல அடியில் ஒயில் தாங்கி இல்லை. எரிபொருளும் காற்றும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே சுழல்தண்டு இருக்கும் கிராங் அறைக்குள் இறங்கி, அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. அது போகிற வழியில் விட்டுச்செல்லும் ஒயிற்படலமே கிராங்கின் பெயாரிங்குகளையும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் இரு முனைகளையும், சிலிண்டர்ச் சுவரையும் காப்பாற்றுகிறது. ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர் ஒயில் வேண்டும்; அரைவாசியாக்கினால் 200 மில்லிலீற்றர், அதாவது நூறுக்கு ஒன்று. நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தைத் தயாரிப்பாளர்களே அனுமதித்த மாதிரிகளும் உண்டு. 1980களில் ஓர் அமெரிக்க நிறுவனம் தன் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு அந்த அளவு போதும் என்று அறிவித்துவிட்டு, பிறகு ஐம்பதுக்கு ஒன்று என்பதற்கே திரும்பியது. ஆகவே அரைவாசி ஒயிலில் இயந்திரம் ஓடவே ஓடாது என்று நான் சொல்லியிருந்தால், அடுத்த நாளே அது ஓடுவதை அவர் தன் கண்ணால் கண்டிருப்பார். அதன் பிறகு நான் சொல்லும் எதையும் அவர் நம்பியிருக்கமாட்டார். இது என் பக்கத்து நியாயம். இன்றைக்கும் இதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனாலும் இந்த நியாயம் ஒரு மாலைக்கு மேல் என்னோடு தங்குவதில்லை. பணமில்லாமல் வந்து நிற்கிற ஒருவரிடம் "ஓடும்" என்று தொடங்கினால், அதன் பிறகு வரும் "ஆனால்" அவருடைய காதில் எவ்வளவு விழும்? இளம் பொடியன் ஒருவன் கேட்டிருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன். முப்பது நாற்பது வருடம் கடலில் கிடந்த மனிதரிடம் அப்படிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தெரியாத கடலையா நான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன். கடல் அவருக்குத் தெரியும்தான். கிராங் அறைக்குள் நடப்பது எனக்குத்தான் தெரியும் என்பதை அந்த மரியாதை மறைத்துவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது. மரியாதை கொடுத்தது தவறென்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இயந்திரம் ஓடியது. பிறகு ஒருநாள் நின்றது. அது சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலம். மேற்குக் கரையில் சோளகம் படகைக் கரைக்குத் தள்ளும். எங்கள் கரையிலோ அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். இயந்திரம் நின்ற படகு தானாகக் கரைக்கு வராது, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் வெளியே போகும். அவரோடு மருமகனும் இருந்தார். நங்கூரக் கயிறு எட்டாத ஆழம். இரவு முழுக்க வலையையே கடலில் இறக்கி, அதன் பாரத்தால் படகின் ஓட்டத்தை மட்டுப்படுத்தியிருக்கிறார்கள். விடிந்த பிறகு வேறொரு படகு கண்டு, கட்டி இழுத்து வந்தது. உயிருக்கு ஒன்றும் நேரவில்லை.

இயந்திரத்தை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். அதைத் திறக்கும்போது, ஒயில் குறைவுதான் காரணம் என்று அடையாளங்கள் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும் என்று ஒரு மனமும், வேறு காரணம் கிடைக்கவேண்டும் என்று இன்னொரு மனமும் எனக்குள் இருந்தன. கிடைத்ததோ இரண்டும் கலந்த ஒன்று. கனெக்டிங் ரொட்டின் மேல்முனை ஊசி பெயாரிங் வெந்து நீலம் பாரித்திருந்தது. ஒயில் எட்டாத இடத்தில் காணும் நிறம் அது. பிஸ்டனின் பாவாடை எனப்படும் கீழ்ப்பகுதியைச் சுற்றிக் கீறல்கள் இருந்தன. ஆனால் புகைவாயில் பக்கத்துக் கீறல்கள் மற்றவற்றை விட ஆழமானவை. கலவையில் எரிபொருள் குறைந்து காற்று கூடியிருந்தாலும் அந்தப் பக்கம்தான் முதலில் கருகும். காபரேற்றரில் எரிபொருள் வரும் சிறு துளையான ஜெற்றில் பிசின் போன்ற படிவு இருந்தது. கீழே, இயந்திரத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் இம்பெல்லரைக் கழற்றினால், அதன் இறப்பர் இறகுகள் தேய்ந்து ஒரு பக்கமாக மடிந்து கிடந்தன. நாயாற்று முகத்துவாரத்தில் மணல் கலங்கிய தண்ணீரில் போய்வரும் இயந்திரங்களில் இது வழமை. தண்ணீர் போகும் வழிகளிலும் உப்பும் மணலும் இறுகியிருந்தன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிடவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், ஆவியாகாத மண்ணெண்ணெய் கிராங் அறையில் தங்கி, பெயாரிங்குகளில் இருக்கும் ஒயிற்படலத்தையே கழுவிவிடும். அந்த வருடம் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அதை இப்படி மண்ணெண்ணெயை வெளியேற்றுவதற்குச் செலவழித்திருப்பார்கள்? அவரும் பல நாட்கள் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியதாகச் சொன்னார்.

ஆகவே என்ன காரணம் என்று கேட்டால், ஒயில் குறைவு, தண்ணீர் குறைவு, ஜெற் அடைப்பு, பெற்றோல் சிக்கனம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒன்றையொன்று மோசமாக்கின என்றுதான் என்னால் சொல்ல முடியும். முழு அளவு ஒயில் இருந்திருந்தால், தேய்ந்த இம்பெல்லரோடும் அது கரைவரைக்கும் தாங்கியிருக்கலாம். இம்பெல்லர் நல்லதாக இருந்திருந்தால், அரைவாசி ஒயிலோடும் அந்தப் பருவம் முடியும்வரை ஓடியிருக்கலாம். நான் அந்த மாலையில் ஒயிலைப் பற்றி மட்டும் பேசாமல், இயந்திரத்தின் பக்கவாட்டுத் துளையிலிருந்து குளிர்விக்கும் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பீறிடுகிறது என்று கேட்டிருக்கலாமா? கேள்வி ஒயிலைப் பற்றியது. கேட்டதற்குப் பதில் சொல்வதோடு மெக்கானிக்கின் வேலை முடிகிறதா, கேளாததையும் அவன்தான் கேட்கவேண்டுமா என்பதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பாகங்களைச் சாக்கில் பரப்பி ஒவ்வொன்றாகக் காட்டியபோது, பெரியவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நீ சொன்னமாதிரி ஓடினதுதான் தம்பி" என்றார். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. என்னைக் குற்றம் சாட்டினாரா, என் வார்த்தை சரிதான் என்று ஒப்புக்கொண்டாரா, தன் கணக்கைத்தான் எனக்கு ஞாபகப்படுத்தினாரா என்பதை இன்றுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை. நானும் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்னைச் சமாதானப்படுத்தியிருப்பார். அது உண்மையான பதிலாக இருந்திருக்காது.

சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவுப் பிஸ்டன் போட்டோம். புதிய பிஸ்டனும் ரிங்குகளும் படிவதற்கு முதல் பத்து மணித்தியாலம் இருபத்தைந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கவேண்டும். 20 லீற்றருக்கு 800 மில்லிலீற்றர். ஒயிலை மிச்சம் பிடிக்கப் போனவரிடம் இரண்டு மடங்கு ஒயில் ஊற்றச் சொல்லுகிற நிலை எனக்கு. முச்சக்கர வண்டிக்கான மலிவான ஒயில் சரிவராதோ என்று மருமகன் கேட்டார். அது காற்றால் குளிரும், கூடிய வெப்பத்தில் ஓடும் இயந்திரத்துக்கானது. கடல் நீரால் குளிர்ந்து ஓடும் இயந்திரத்தில் அதன் சாம்பல் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படிந்து, வேளைக்கு முந்திப் பற்றவைக்கும். அதனால்தான் சாம்பலற்ற டீசி-டபிள்யூ3 தர ஒயிலைக் கேட்கிறோம் என்று முழுவதையும் விளக்கினேன். இந்தத் தடவை "ஓடும்" என்ற சொல் என் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொண்டேன். எனினும் அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த ஒயிலிலும் இயந்திரம் சில காலம் ஓடத்தான் செய்யும். அதை நான் சொல்லாமல் விட்டேன். முதல் தடவை முழு உண்மையையும் சொன்னேன். இரண்டாவது தடவை ஒரு பகுதியை மறைத்தேன். மறைத்ததுதான் பயன்பட்டது போலத் தெரிகிறது. இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கடினமாக இருக்கிறது.

இப்போது இதே கேள்வியோடு யாராவது வந்தால், எவ்வளவு தூரம் போகிறீர்கள், கூட யார் வருகிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். கரையோரமாக வலை வைத்துத் திரும்புகிறவர் என்றால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஆழத்துக்குப் போகிறவர் என்றால் "ஓடாது" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஒரே இயந்திரத்துக்கு இரண்டு பதில்கள் இருப்பது தொழிலுக்கு நேர்மையானதா என்று அண்மையில் என்னோடு வேலை பழகும் தம்பி கேட்டான். எந்தப் போத்தலில் எந்தக் கோடுவரை ஒயில் ஊற்றவேண்டும் என்று அவனுக்கு என்னால் காட்ட முடிந்தது. அவனுடைய கேள்விக்கான பதிலை இன்னும் சொல்லவில்லை.