மூன்றடுக்குத் தட்டும் நாலு மணியும்

பெரியவளுக்கு 16 வயது முடிந்தபோது புது டிரெஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "பாண்டியில எங்கயாவது அந்த மூணடுக்குத் தட்டு வச்சு டீ குடுப்பாங்களேம்மா, அங்க கூட்டிட்டுப் போ. அது போதும்." அவளுடைய தோழி ஒருத்தியும், ஒன்பதாவது படிக்கிற என் அக்கா மகனும் உடன் வருவதாக முடிவானது. மூன்று பிள்ளைகள், ஒரு நான்.

எங்கே போவது என்று முடிவு செய்யவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. காரணம், ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். போன வருடம் ஒரு ஹோட்டலில் "ஹை டீ" என்று போர்டு பார்த்து இவளைக் கூட்டிப்போனேன். ஏசி ஹால், வரிசையாகச் சூட்டுப் பாத்திரங்கள், சமோசா, கட்லெட், நூடுல்ஸ். காதைப் பிளக்கிற பாட்டு வேறு. முக்கால் மணி நேரத்தில் அடுத்த கூட்டம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. இவள் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடித்து, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. இங்கிலாந்தில் ஹை டீ என்பது உழைக்கிற மக்கள் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இறைச்சியும் ரொட்டியுமாகச் சாப்பிடுகிற மாலைச் சாப்பாடு. இவள் கேட்ட மூன்றடுக்குத் தட்டுக்குப் பெயர் ஆஃப்டர்நூன் டீ. இதைத் தொடங்கிவைத்தவர் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா மரியா என்று சொல்வார்கள், 1840 வாக்கில். மதியம் லேசாகத்தான் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாட்டுக்கோ எட்டு மணி ஆகிவிடும். நடுவில் சோர்ந்துபோனவர் தன் அறைக்கே டீயும் ரொட்டி வெண்ணெயும் வரவழைத்திருக்கிறார். பிறகு தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார். படித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய ஊரில், துறைமுகப் பக்கம் வேலை. பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடுவார், நாலு மணிக்கு டீ டம்ளர் கைக்கு வந்தாக வேண்டும். அந்தச் சீமாட்டிக்கும் அப்பாவுக்கும் ஒரே பசிதான்.

இந்த முறை நான்கு இடங்களுக்குப் போன் செய்தேன். முதலில் கேட்டது, எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று. ஒரு இடத்தில் "ஒன்றரை மணி நேரம் மேடம்" என்றார்கள், அதை விட்டுவிட்டேன். இன்னொரு இடத்தில் தலைக்கு ஒரு தட்டு கட்டாயம் என்றார்கள். வளர்கிற பிள்ளைகள் நிறையச் சாப்பிடுவார்கள்தான், ஆனால் நாலு தட்டு இனிப்பு யாருக்கும் ஆகாது. மூன்றாவது இடத்தில் ஸ்கோன், அதாவது அந்தத் தட்டில் வருகிற சின்ன பன் மாதிரியான பண்டம், முந்தின நாள் சுட்டதாம். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி சொல்லி வைத்தேன். ஸ்கோன் பழசானால் கல். அன்றே சுட்டு, சூடு ஆறுவதற்குள் பிட்டுத் தின்ன வேண்டிய பண்டம் அது.

நாலாவது இடம் ஒயிட் டவுனில் உள்ளடங்கிய ஒரு தெருவில். பழைய பிரெஞ்சு வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள். மஞ்சள் சுவர், நடுவில் முற்றம், முற்றத்து மூலையில் காகிதப்பூக் கொடி. இரண்டு பேருக்கு ஒரு தட்டு, 1,500 ரூபாய், வரி தனி. பையனுக்கு டீக்குப் பதில் சூடான சாக்லேட் தருவதாகச் சொன்னார்கள். அவனுக்குச் சாயங்காலம் டீ குடித்தால் ராத்திரி தூக்கம் வராது. "ஆறு மணி வரைக்கும் இருங்க, யாரும் எழுப்ப மாட்டாங்க" என்று போனில் பேசிய பெண் சொன்னதும் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

விலை குறைவில்லை. இதே பணத்தில் புதுச் சுடிதாரே வாங்கியிருக்கலாம். ஆனால் இவளாக வாய் திறந்து ஒன்று கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

காலாண்டு விடுமுறையில் ஒரு புதன்கிழமை பார்த்துக் கிளம்பினோம். சனி, ஞாயிறு என்றால் சென்னை, பெங்களூர் கூட்டம் மொத்தமும் பாண்டியில்தான் இருக்கும். மே மாதத்தில் முற்றத்தில் உட்காரவே முடியாது. கடலூரிலிருந்து பஸ், பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம். மூன்றும் ஆளுக்கொரு போனில் தலை குனிந்தே வந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை.

தட்டு வந்து மேஜையில் நின்றதும் போட்டோ எடுத்தார்கள். அப்புறம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். கீழிருந்து மேலே போக வேண்டும். அடித்தட்டில் ஓரம் வெட்டிய வெள்ளரிக்காய் சாண்ட்விச், நடுத்தட்டில் ஸ்கோன், மேல்தட்டில் சின்னச் சின்ன கேக். உப்பு முதலில், இனிப்பு கடைசியில். "நம்ம ஊர்ல பொண்ணு பார்க்க வந்தா முதல்ல சொஜ்ஜி, அப்புறம்தானே பஜ்ஜி?" என்றாள் தோழி. உண்மைதான், இனிப்பு, காரம், காபி என்று நாம் போகிற வழிக்கு இவர்கள் வழி நேர் எதிர்.

ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல் கையால் இரண்டாகப் பிட்டு, ஜாமும் கிரீமும் வைத்துச் சாப்பிட வேண்டும். அதிலும் ஒரு வழக்கு உண்டு. இங்கிலாந்தில் டெவன் பகுதிக்காரர்கள் கிரீமை முதலில் தடவுவார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமை முதலில் தடவுவார்கள். இதைச் சொன்னதுதான் தாமதம், மூன்றும் கட்சி கட்டிக்கொண்டன. "இட்லிப் பொடியில குழி பண்ணித்தானே சித்தி எண்ணெய் ஊத்துவோம்? எண்ணெய் மேல பொடி போடுவோமா? அப்போ ஜாம்தான் முதல்ல" என்று வாதாடினான் பையன். இரண்டு கையும் கிரீமாக இருந்ததால் போன் எல்லாம் பைக்குள்ளேயே கிடந்தது. அது நான் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை. ஆனால் தட்டைப் பங்கு போட்டு, பிட்டு, தடவி, ஊற்றிக் கொடுத்துச் சாப்பிடுகிற சாப்பாடாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று இந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிற எல்லோருக்கும் இப்போது சொல்கிறேன்.

டீ பானையில் இலையாக வந்தது. நீலகிரி இலை. நாலு நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, பால் தனியாக. பெரியவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா, தண்ணியா இருக்கு?" என்றாள். நம் கடையில் பாலோடு கொதிக்கிற தூள், இலையை மெஷினில் நசுக்கிக் கிழித்து உருட்டிச் செய்வது. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் நிறமும் திடமும் இறங்குகிறது. இந்த முழு இலையைக் கொதிக்கவிட்டால் கசந்துபோகும், வெந்நீரில் ஊறத்தான் விட வேண்டும். இரண்டாவது கோப்பையை அவளே பால் விடாமல் குடித்துப் பார்த்தாள்.

இலை என்று வந்ததும் கண்டிச்சீமைக் கதையைச் சொன்னேன். நம் தமிழ் ஜனங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோய்த்தான் இலங்கை மலையில் தேயிலை பறிக்கவைத்தார்கள். பிறகு 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. திரும்பி வந்தவர்களுக்காகவே நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. "அப்போ இந்த டீயை அவங்க பறிச்சிருக்கலாமா?" என்று கேட்டான் பையன். இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவள் வேறு ஒன்று கேட்டாள். நம் தேவனாம்பட்டினம் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களும் இப்படித்தான் சாப்பிட்டிருப்பார்களா? செயின்ட் டேவிட் கோட்டை 1690இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் போனபோது கடலூர்தான் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். கிளைவ்கூட அங்கே கவர்னராக இருந்தார். 1758இல் பாண்டியிலிருந்து பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையை இடித்துப்போட்டார். இந்தத் தட்டு வழக்கம் அதற்கெல்லாம் எண்பது வருடம் பிந்தியது. "அப்போ கிளைவுக்கு ஸ்கோன் தட்டு கிடைக்கல" என்று எழுந்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் நாலு மணிப் பலகாரம் உண்டு, கூத்தே என்பார்கள். பள்ளிவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு ரொட்டியும் சாக்லேட்டும். பையன் கையில் சாக்லேட் கோப்பை இருந்ததால், அவன் பிரெஞ்சுக் கட்சிக்கு மாறிவிட்டான்.

ஐந்து மணிக்கு மேல் தட்டில் ஒன்றிரண்டுதான் மிச்சம். வெயில் சுவரை விட்டு ஏறிப்போனது. இடத்தைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை, கேட்காமலேயே வெந்நீர் மட்டும் ஒரு பானை வந்தது. அப்போதுதான் பையன், தட்டைப் பார்த்தபடியே, குரல் உடைந்ததிலிருந்து வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் பின்னால் சிரிக்கிறார்கள் என்று சொன்னான். அக்காவிடம்கூடச் சொல்லாத விஷயம். எனக்கு உடனே என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெரியவள் சொன்னாள்: "எங்க கிளாஸ்ல போன வருஷம் எல்லாப் பசங்களுக்கும் அப்படித்தான்டா இருந்துச்சு. முதல்ல சிரிச்சவனுக்குத்தான் ரொம்ப மோசமா உடைஞ்சுது." அவன் நிமிர்ந்து, நிஜமாகவா என்று கேட்டான். தோழியும் சத்தியம் செய்தாள்.

ஆறு மணிக்கு எழுந்தோம். அந்நேரத்துக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். காந்தி சிலை வரை நாலு பேரும் சாலையை அடைத்துக்கொண்டு நடந்தோம். மீந்த இரண்டு ஸ்கோனைக் காகிதத்தில் சுற்றித் தரச்சொல்லி வாங்கியிருந்தேன்.

ராத்திரி எட்டரைக்கு அக்கா வீட்டு வாசலில் பையனை விட்டேன். "என்னடா இது, பன்னா?" என்று வாங்கி, டம்ளர் டீயில் தோய்த்து ஒரு கடி கடித்தாள் அக்கா. "ஜாம் முதல்ல தடவணும்மா" என்று ஆரம்பித்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தான்.