பேர் போடாத படங்கள்

“இந்தப் படங்களில மட்டும் உங்கட பேரை ஏன் அண்ணா போடேல்ல?”

அந்த மணப்பெண் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் இவ்வளவு நாள் மனதில் கிடந்திருக்காது. இரண்டு பென்ட்ரைவ் கொடுத்திருந்தேன். ஒன்றில் நான் வழக்கமாகக் கொடுக்கும் படங்கள், மூலையில் ஸ்ரூடியோவின் பெயரோடு. மற்றதில் அவரும் தாயும் கேட்டுக்கொண்டபடி முகத்தை வெளுப்பாக்கிய படங்கள். அவற்றில் பெயர் இல்லை.

“அது எங்கட ஸ்டைல் இல்லைத் தங்கச்சி” என்றேன்.

“இதிலயும் நான்தானே இருக்கிறன்” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

என் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கலியாணப் படம் எடுப்பவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. எல்லோருக்கும் அதே கோட்டை, அதே மந்திரிமனை, அதே கசூரினாக் கடற்கரை. முகநூலில் பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் எந்தப் படம் யாருடையது என்று சொல்ல முடியாது. நானும் லோகோவை மாற்றிப் பார்த்தேன், எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்புறம்தான் ஒரு முடிவுக்கு வந்தேன்: தோலின் நிறத்தில் கைவைப்பதில்லை. வெயிலில் நின்ற மாமனும் அடுப்படியில் நின்ற பெரியம்மாவும் எந்த நிறமோ, அல்பத்திலும் அந்த நிறம். எந்த லோகோவையும் விட இது எங்களைத் தனியாகக் காட்டும் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

வெளுப்பாக்குவது பெரிய வேலையல்ல. படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை, அதாவது வெளிச்சத்தை, கொஞ்சம் ஏற்றினால் எங்கள் தோல் வெளுத்துவிடும். கூடவே தாலிக்கொடியின் பொன்னிறமும் கூறையின் சரிகையும் வெளிறிப்போகும். பிலிம் காலத்தில் இந்தத் தெரிவே எங்கள் கையில் இருக்கவில்லை. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து படம் பிரின்ட் போடும் லாப்களுக்குக் கொடுத்த ‘ஷெர்லி’ அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவருடைய தோல் சரியாக வந்தால் பிரின்டின் நிறம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்களின் நுணுக்கமெல்லாம் இருட்டோடு போயின. இன்றைய கமரா அதையெல்லாம் அழகாகப் பிடிக்கிறது. அப்படிப் பிடித்ததை நானே இருந்து அழிப்பதா? இந்தக் கேள்விதான் என்னைப் பிடிவாதக்காரன் ஆக்கியது.

இன்னொன்று, படம் இங்கே நிற்பதில்லை. வாட்ஸப்பில் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போகிறது. அங்கே பார்க்கிற சொந்தக்காரரிடமிருந்துதான் அடுத்த கலியாணம் வருகிறது. வெளுத்த முகத்துக்குக் கீழே என் பெயர் இருந்தால் அவர்களும் அதையே கேட்பார்கள். சரி, கேட்டதைச் செய்து கொடுத்தேன், பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். இதில் யாருக்கு என்ன குறை என்று அன்று நினைத்தேன்.

ஆனால் நான் காத்து நின்ற நிறம் எது? கலியாணத்தன்று விடிய முன்னமே அந்த மணப்பெண் ஒப்பனைக்கு இருந்துவிட்டார். பூசிய ஃபவுண்டேஷன் அவருடைய தோலை விட நல்ல வெளுப்பு. முகம் ஒரு நிறம், மருதாணி போட்ட கை இன்னொரு நிறம். இரண்டையும் பொருத்துவதற்குக் கழுத்தையும் கையையும் நானேதான் திருத்தினேன். அந்தப் படங்களில் என் பெயர் இருக்கிறது. ஒப்பனை செய்தவர் தந்த வெளுப்புக்குப் பெயர் போட்டவன், அந்தப் பிள்ளை வாய்விட்டுக் கேட்ட வெளுப்புக்குப் போடவில்லை. இதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பதில், எங்கேயாவது ஒரு கோடு கீறத்தானே வேண்டும் என்பது. அந்தக் கோட்டை ஏன் அவருடைய முகத்தில் கீறினேன் என்பதற்குப் பதில் இல்லை.

தாய் தனியாக வந்து சொன்னதும் நினைவுக்கு வருகிறது. “தம்பி, சின்னனில இருந்து கறுப்பி எண்டு கேட்டே வளந்த பிள்ளை. ஒரு நாளைக்கெண்டாலும் அவ ஆசைப்பட்டபடி இருக்கட்டும்.” அந்தச் சொல்லுக்கு எதிராகத்தான் நான் இந்த ஸ்டைலையே வைத்திருக்கிறேன் என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தது நான் இல்லையே. நான் எடுத்த படத்தில் அந்தப் பிள்ளை அவ்வளவு வடிவு. அது எனக்குத் தெரிந்து என்ன பயன்?

ஆவணியில் இன்னொரு கலியாணம் இருக்கிறது. இந்த முறை முற்பணம் வாங்கும்போதே நிறத்தைப் பற்றிக் கதைத்துவிட்டேன். “அது பிள்ளையைத்தான் கேக்க வேணும்” என்றார் மணமகளின் தகப்பன். பிள்ளை இப்போது மெல்பேர்னில். எங்கள் ஸ்டைல் இதுதான், பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று எழுதுவதா, உங்களுக்கு எப்படி இருக்க விருப்பம் என்று முதலில் கேட்பதா என்று தெரியாமல் அந்த மெசேஜை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.