கொல்லைத் தொட்டிக் குறிப்புகள்

மே 9

14 மீன். காலையில் எண்ணினேன், சாயங்காலமும் எண்ணினேன். பாட்டிலில் இருந்தவரை எண்ணுவது சுலபம். தொட்டியில் விட்டபிறகு ஒரே கப்பி மீனை இரண்டு தடவை எண்ணிவிடுகிறேனோ என்று சந்தேகமாகவே இருக்கிறது.

என் எடை 43.6 கிலோ.

மே 10

பாப்பா போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "மீனுக்கு வீடு வெச்சியாம்மா?"

அத்தை குட்டையிலிருந்து ஒரு கூடை ஆகாயத்தாமரை அள்ளி வந்தார். ஊதாப் பூப் பூத்து ஆற்றை அடைக்குமே, அது இல்லை. ரோஜா அடுக்கு மாதிரி, பூனைமயிர் படர்ந்த இலை உள்ளது. வேர் ஒரு சாண் நீளம் தொங்குகிறது. நத்தை முட்டைகளை வழித்தெடுத்துவிட்டு எல்லாவற்றையும் மிதக்கவிட்டேன். கத்திரி வெயிலுக்கு நிழலாகட்டும் என்று முக்கால் தொட்டியை மூடிவிட்டேன்.

மே 13

காசநோய்க்கு மூன்று மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு. சோறு இறங்கவில்லை.

மே 15

நாலரை மணிக்கு இருமலில் எழுந்தவள் அப்படியே டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இலைகளுக்கு நடுவே ஒரு தட்டு அகலம்தான் இடைவெளி. அத்தனை மீனும் அங்கே கூடி, வாயை மேலே நீட்டி நீட்டி மூடுகின்றன. கைகால் நடுங்கிவிட்டது. சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், ஐம்பது அறுபது சொம்பு. பாதிச் செடியை அள்ளித் தென்னைக்கு அடியில் போட்டேன். ஏழு மணிக்கெல்லாம் மீன்கள் கீழே இறங்கிவிட்டன.

வெளிச்சம் இருந்தால்தான் செடி ஆக்சிஜன் விடும். இருட்டில் அதுவும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியும் நேரம்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. போதாததற்கு, காற்று படுகிற மேற்பரப்பையும் நான் மூடி வைத்திருந்தேன். படித்ததுதான் எல்லாம். படுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

ராத்திரி முழுக்கத் தவித்திருக்கும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம்தான் நான் படுத்திருந்தேன்.

மே 16

14. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடக்கூடாது. சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தேன்.

மே 19

மேலத்தெரு சித்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசிவிட்டுப் போனார். முன்பெல்லாம் அடுப்படி வரைக்கும் வந்து, மூடியைத் திறந்து என்ன குழம்பு என்று பார்ப்பவர்.

மே 22

அல்லிக் கிழங்கு கிடைத்தது! குளம் வறண்டு வெடித்துக் கிடக்கிறதாம், கடப்பாரை போட்டுத் தோண்டினாராம் இவர். மண்சட்டியில் களிமண்ணும் சாணியும் பிசைந்து நட்டு, தொட்டிக்குள் இறக்கினேன்.

மே 26

தண்ணீர் பச்சை. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியவில்லை. நாற்றம்.

5 செத்துவிட்டன. வால் நீண்ட ஆரஞ்சு ஆணும் அதில் ஒன்று. பாப்பா பேர் வைத்த மீன்.

மே 27

9.

மே 28

பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வீடியோவில் தொட்டியைக் காட்டு என்கிறாள். வெளிச்சம் போதவில்லை என்றேன்.

சாணிதான் காரணம். வயலுக்குப் போடுகிற நினைப்பில் போட்டேன். தண்ணீருக்குள் சாணி அழுகினால் இருக்கிற ஆக்சிஜனைத் தின்னும், அம்மோனியா கிளம்பும், மிச்ச சத்தெல்லாம் பாசிக்குத் தீனி. சட்டியை வெளியே எடுத்துக் கிழங்கை அலசி, வெறும் குளத்துக் களிமண்ணில் மாற்றி நட்டேன். மண் கலங்காமல் இருக்க மேலே இரண்டு விரற்கடை ஆற்றுமணல். தண்ணீரைத் தினம் கால்வாசி மாற்றுகிறேன், நாலு குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. மிச்சத்தை அத்தை தூக்குகிறார். என்னை உட்காரச் சொல்லி முறைத்தார்.

ஜூன் 2

எடை 44.9!

ஒரு கண்ணாடி டம்ளரில் வேலம்பாசித் துண்டு போட்டு வெயிலில் வைத்தேன். வெட்டிய நுனியிலிருந்து குண்டூசித் தலை அளவில் குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி மேலே போகின்றன. கையால் நிழல் மறைத்தேன். மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. கையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. ஒரு மணி நேரம் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். நெஞ்சு லேசாக இருந்தது.

மேற்கு மூலையில் இரண்டு கைப்பிடி வேலம்பாசி, கல் கட்டி இறக்கியாயிற்று.

ஜூன் 6

குஞ்சு!

கண்ணும் ஒரு கோடும்தான் உடம்பு. ஆகாயத்தாமரை வேருக்குள் 4. பெரிய மீன் கிட்ட வந்தால் வேருக்குள் இன்னும் ஆழமாக ஒண்டுகின்றன. பெற்ற கப்பியே குஞ்சைத் தின்றுவிடும், ஒளிய இடம் இருந்தால்தான் தப்பும். வேலம்பாசிப் பக்கம் ஒன்றையும் காணோம். இன்னும் அடர்த்தியாக வைக்க வேண்டுமோ.

பாப்பாவிடம் குஞ்சைச் சொன்னேன். அப்புறம் அந்த ஐந்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நீ மருந்து சாப்பிட்டியா?" என்றாள்.

ஜூன் 12

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். நம் வாய்க்காலுக்கு வர இன்னும் நாளாகும்.

ஜூன் 15

அல்லியில் முதல் இலை. இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு, ஓலைச்சுருள் மாதிரி மேலே வந்து, மத்தியானத்துக்குள் விரிந்துவிட்டது. அடிப்பக்கம் கத்திரிக்காய் நிறம். பாப்பாவின் ஸ்கேலில் அளந்தேன், 6 செ.மீ.

சாயங்காலம் தண்ணீர் நிரப்பியதில் இலை முழுகிவிட்டது.

ஜூன் 16

தண்டை நீட்டிக்கொண்டு இலை மறுபடி மேலே வந்துவிட்டது. ஒரே ராத்திரியில்.

ஜூன் 19

கொட்டிக்கிழங்கு நட்டேன், பாக்கு அளவுதான் கிழங்கு. சின்ன வயசில் இதை அவித்துத் தின்றதாக அத்தை சொன்னார். குளம் வற்றினால் கொக்கு போய்விடும், கொட்டி போகாது என்று நாலாம் வகுப்பு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. அத்தை தினமும் என் தட்டையும் அவர் தட்டையும் ஒன்றாகத்தான் கழுவுகிறார்.

ஜூன் 22

தூக்கம் இல்லை. மூன்று மணிக்கு ஒரு தடவை, நாலரைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மீன் கீழேதான் இருக்கிறது.

ஜூன் 26

சளி கொடுத்துவிட்டு வந்தோம். எடை 46.8.

ஜூன் 27

வேலம்பாசியில் 3 குஞ்சு. அடர்த்தி கூட்டியது சரிதான்.

ஜூன் 28

இவர் ரிசல்ட் வாங்கக் கிளம்பிவிட்டார். அல்லி இலை 5. கொட்டி இன்னும் முளைக்கவில்லை. ஆகாயத்தாமரை கரிக்கோட்டைத் தாண்டிவிட்டது, எட்டுச் செடி எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு வேரையும் தண்ணீருக்குள்ளேயே உதறிவிட்டுத்தான் எடுத்தேன்.

குஞ்சு 11. இல்லை, அல்லி இலைக்கு அடியில் இன்னொன்று