பட்டினியும் பயிற்சியும்

"இதற்குத் தாய் இருந்திருந்தால் இப்படிப் பட்டினி போட்டிருக்குமா, சார்?" என்று எங்கள் பறவை மறுவாழ்வு மையத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த இளம்பெண், கூண்டிலிருந்த கூகை என்னும் ஆந்தையைக் காட்டிக் கேட்டபோது, கூகை தன் குஞ்சுக்கு வேட்டையைக் கற்றுத்தருவதில்லை, குஞ்சு தானாகவே பழகிக்கொள்ளும் என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்டது கற்றுத்தருவதைப் பற்றியே அல்ல என்பது அன்றிரவு வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

உயிருள்ள இரையைப் பிடிக்கத் தெரியாத பறவையைக் காட்டில் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம் என்பதால், விடுவிக்கும் முன், பசித்த பறவையிடம் உயிருள்ள எலியை விட்டுப் பார்க்கும் சோதனையை நடத்தியே ஆக வேண்டும். முந்தைய இரவு வழக்கமாக வைக்கும் செத்த எலியை வைக்க வேண்டாமென்று நான்தான் சொல்லியிருந்தேன். வைக்கோல் பரப்பிய தொட்டிக்குள் எலி சரசரத்ததும் கூகை தன் தட்டையான முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, தலையை இடமும் வலமும் அசைத்து அளவெடுத்தது. அதன் காதுத் துளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் அமைந்தவை அல்ல. ஒலி எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதை அந்த வேறுபாட்டைக் கொண்டே அது கணிக்கிறது. கணிப்பு சரியாகத்தான் இருந்தது, கால்கள்தாம் பிந்தின. நகங்களில் வைக்கோலைப் பற்றிக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் அது தொட்டிக்குள் நின்றது. இளம்பெண்ணின் கை கூண்டின் தாழ்ப்பாளில் இருந்தது. "ஒரு செத்த எலியைக் கட்டையில் வைத்துவிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அதன் பிறகுதான் தாயைப் பற்றிய அந்தக் கேள்வி வந்தது.

கூகைக் குஞ்சு ஏறத்தாழ இரண்டு மாத வயதில் பறக்கத் தொடங்குகிறது. அதன் பிறகும் சில வாரங்களுக்குத் தாயும் தந்தையும் இரை கொண்டுவந்து கொடுக்கின்றன. அதாவது, காட்டில் அது தவறித் தவறிப் பழகும் நாட்களில் அதன் வயிறு காலியாக இருப்பதில்லை. எங்கள் கூண்டில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அதற்கும் என்னிடம் காரணம் உண்டு: வயிறு நிறைந்த பறவை இரை இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது, எங்களுக்கோ கூண்டும் குறைவு, காலமும் குறைவு. காட்டுப் பறவைக்கு வாரக்கணக்கில் கிடைக்கும் அவகாசத்தை எங்களால் கொடுக்க முடியாது. இந்த வாதத்தில் இன்றும் எனக்கு நம்பிக்கை உண்டு, என்றாலும் அது எங்கள் வசதிக்காகச் சொல்லப்படும் வாதமும்தான்.

உண்மையில் என்னை அதிகம் உறுத்துவது கூகை அல்ல. அதற்குச் சில நாட்கள் முன்பு, நோயுற்ற ஒரு புறாவுக்குக் குழாய் வழியாக உணவு செலுத்தும் வேலையை அந்தப் பெண்ணிடமே விட்டிருந்தேன். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் பின்பகுதியை ஒட்டியே திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்; அதை விலக்கி, தொண்டையின் வலப்பக்கமாகக் குழாயை இறக்க வேண்டும். தவறினால் பறவை கையிலேயே போய்விடும். "முடியுமா?" என்று கேட்டேன். "முடியும் சார்" என்றார். குரலில் நடுக்கம் இல்லாததால் குழாயைக் கொடுத்துவிட்டேன். அவர் சரியாகவே செய்தார், கை நடுங்கியதையும் பார்த்தேன்.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் கூட்டமாக வாழும் மீர்கேட் என்னும் கீரியினச் சிறு விலங்குகளைப் பற்றி 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. பெரியவை குட்டிகளுக்கு முதலில் செத்த தேளையும், பிறகு கொடுக்கு நீக்கிய தேளையும், கடைசியில் முழுத் தேளையும் கொண்டுவந்து கொடுக்கின்றன. குட்டி எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை அவை சோதித்துப் பார்ப்பதில்லை, இரை கேட்டுக் கத்தும் குரலைக் கொண்டே முடிவு செய்கின்றன. ஆய்வாளர்கள் வளர்ந்த குட்டிகளின் குரலை ஒலிபரப்பியபோது, சின்னஞ்சிறு குட்டிகளிடமும் உயிருள்ள இரை அதிகமாக வந்து சேர்ந்தது. நானும் ஒரு குரலைக் கேட்டுத்தான் குழாயை நீட்டினேன். வேலைக்குப் புதிதாக வந்தவர், மேலதிகாரி கேட்கும்போது "முடியாது" என்று சொல்வாரா என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன், ஏனெனில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆனால் தவறு நேர்ந்திருந்தால், பக்கத்தில் நிற்பவர் கை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

கூகை விடியுமுன் எலியைப் பிடித்துவிட்டது. பசி பிடிக்க வைத்ததா, முதல் தவறுகளே போதுமான பயிற்சியாக அமைந்தனவா என்பதை அந்த ஒரு பறவையைக் கொண்டு சொல்ல முடியாது. அதற்குப் பின் வந்த பறவைகளுக்கு முந்தைய இரவு பாதித் தீனி வைக்கச் சொல்கிறேன். அவையும் பழகிவிடுகின்றன, கொஞ்சம் மெதுவாக.

அந்தப் பெண் இப்போது எங்களிடமே நிரந்தரப் பணியில் இருக்கிறார். அவர் பொறுப்பில் உள்ள கூண்டுகளில் பாதித் தீனி என்ற பேச்சே இல்லை. முழுப் பட்டினிதான், என்னைவிடக் கண்டிப்பு. ஆனால் புதியவர்கள் குழாயைப் பிடிக்க வந்தால், இறந்துபோன பறவைகளில் வாரக்கணக்கில் பழகிய பிறகே உயிருள்ளதைத் தொட விடுகிறார். அதனால் வேலை தாமதமாகிறது என்று அலுவலகத்தில் முணுமுணுப்பு உண்டு. மேலிடத்திலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டபோது, அது அவருடைய பொறுப்பு என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.