கணக்கு டீச்சரின் வாய்ஸ் நோட்டு

பழைய போனை அழித்துவிட்டு யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்தேன். பையன் படித்த தனியார் பள்ளியின் வாட்ஸ்அப் குழு அப்படியே கிடக்கிறது. 2020-இல் அவன் பத்தாம் வகுப்பு.

மார்ச் 27-இல் தொடங்கவேண்டிய பொதுத்தேர்வு கொரோனாவால் தள்ளிப்போனது. அப்புறம் ஜூன் 1 என்றார்கள். பிறகு ஜூன் 15. ஒவ்வொரு முறையும் பள்ளியிலிருந்து ஒரு பிடிஎஃப் வரும், எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா அதைத் திறக்கத் தெரியாமல் போனோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார். கட்டணம் பற்றிய செய்தி மட்டும் இரண்டே வரி, தெள்ளத் தெளிவாக வரும்!

ஏப்ரல் கடைசியில் எங்கள் கிருஷ்ணகிரி பச்சை மண்டலம், அதாவது கொரோனா தொற்று இல்லாத மாவட்டம். நமக்கு ஒன்றும் வராது என்று மாந்தோப்பில் கதை பேசிக்கொண்டிருந்தோம். மே மாதம் நம் மாவட்டத்துக்கும் வந்தது.

ஜூன் 9, தேர்வே ரத்து. எல்லோரும் பாஸ். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20. நாங்கள் சந்தோஷப்பட, பையன் முகம் தொங்கிவிட்டது. அரையாண்டுக் கணக்கில் அவன் எடுத்தது 41.

அன்று ராத்திரி கணக்கு டீச்சர் தனியாக ஒரு வாய்ஸ் நோட்டு போட்டார். பின்னால் குக்கர் விசில் சத்தம். "அழாதேடா தம்பி. பிளஸ் ஒன்ல எந்தக் குரூப் வேணும்னு மட்டும் யோசி. நாளைக்கு அப்பாகிட்ட நான் பேசுறேன்."

சொன்னபடி பேசினார். சரி, போனை யாருக்கும் கொடுக்கவில்லை.